லின்டர் தப்பு கண்டுபிடித்தால் பில்டு நிற்கணுமா, ஓடணுமா?

வேர்முனை
எங்கள் ஜாவா ப்ராஜெக்ட் கிரேடில் என்ற பில்டு கருவியில் இருக்கிறது. நிறைய மாட்யூல்கள், பல வருடப் பழைய நிரல். டீமில் ஒருவர் செக்ஸ்டைல் என்ற லின்டரின் (நிரலை ஓட்டாமலே அதில் தப்புகளைத் தேடும் கருவி) ப்ளகினைச் சேர்த்தார். அன்றிலிருந்து யார் ‘கிரேடில் பில்டு’ கொடுத்தாலும் சிவப்பாகத்தான் முடிகிறது. வரி 80 எழுத்தைத் தாண்டிவிட்டது, ஜாவாடாக் இல்லை, பாராமீட்டருக்கு ஃபைனல் போடவில்லை, நேரடியாக எண்ணை எழுதியிருக்கிறது என்று பட்டியல் நீள்கிறது. ஒருவர் ‘இக்னோர்ஃபெயிலியர்ஸ்’ (தப்பு இருந்தாலும் பில்டை நிறுத்தாதே) என்பதை ட்ரூ ஆக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர், அப்படிச் செய்வதற்கு ப்ளகினையே எடுத்துவிடலாம் என்கிறார்.

லின்டரை பில்டுக்குள் வைத்து, தப்பு இருந்தால் பில்டை நிறுத்துவதா? இல்லை, புஷ் செய்யும் நிரலைத் தானாக பில்டு செய்து சோதிக்கும் சிஐ சர்வரில் மட்டும் ஓட்டுவதா? ஏதாவது ஒன்றை முடிவு செய்ய வேண்டும். காரணத்தோடு சொல்லுங்கள்.

ஓடையோரம்
சிஐயில் மட்டும் ஓட்டுங்கள்.

பில்டின் வேலை நிரலை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. அது நல்ல நிரலா என்று பார்ப்பது வேறு வேலை. இந்தப் பிரிவு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்காக லின்ட் எழுதியபோது அதை கம்பைலருக்குள் வைக்கவில்லை, தனிக் கருவியாகத்தான் வைத்தார். கம்பைலர் வேகமாக முடிக்க வேண்டும், சோதிக்கும் கருவி நிதானமாக எல்லா ஃபைல்களையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பதுதான் காரணம்.

நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்-ஐத் துரத்தும்போது பாதி மெத்தடை கமெண்ட் செய்வேன், அங்கங்கே பிரின்ட் போடுவேன், ஒரு இம்போர்ட் தேவையில்லாமல் நிற்கும். அந்த நிலையில் எனக்கு வேண்டியது நிரல் ஓடுவது. “பயன்படுத்தாத இம்போர்ட் இருக்கிறது, ஓட விடமாட்டேன்” என்று கருவி சொன்னால் அது என் சிந்தனையை நடுவில் அறுக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் இதே திசையில்தான் நகர்கிறார்கள். நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கின் 16-ம் பதிப்பிலிருந்து ‘நெக்ஸ்ட் பில்டு’ லின்டரை ஓட்டுவதில்லை. முன்பு ஓட்டிக்கொண்டிருந்தது.

கட்டுக்கோப்பு
ஓடையோரம், நீங்கள் சொல்லும் இடைஞ்சல் கிரேடிலில் வரவேண்டிய அவசியமே இல்லை. செக்ஸ்டைல் ப்ளகின் சேர்க்கும் டாஸ்க்குகள் ‘செக்’ என்ற டாஸ்க்கின் கீழ் போய் உட்காரும். ‘பில்டு’ என்பது ‘அசெம்பிள்’ கூட்டல் ‘செக்’. அதாவது ‘அசெம்பிள்’, ‘டெஸ்ட்’, ‘ரன்’ எதைக் கொடுத்தாலும் செக்ஸ்டைல் ஓடாது. பக் துரத்தும்போது ஏன் ‘பில்டு’ கொடுக்கிறீர்கள்? ‘டெஸ்ட்’ கொடுங்கள். முடித்துவிட்டேன், அனுப்பலாம் என்று தோன்றும்போது ‘பில்டு’ கொடுங்கள். டாஸ்க்குகளை இப்படிப் பிரித்து வைத்ததே அதற்காகத்தான்.

சிஐயில் மட்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். நான் புஷ் செய்து, சர்வர் வரிசையில் காத்து, டெஸ்ட்டெல்லாம் முடிந்து, அப்புறம் “இங்கே கேட்ச் பிளாக் காலியாக இருக்கிறது” என்று தகவல் வரும்போது நான் வேறு வேலையில் இருப்பேன். திரும்பி வந்து, ப்ராஞ்சை மாற்றி, ஒரு வரியைத் திருத்தி, மறுபடி காத்திருக்க வேண்டும். அதே தகவல் என் மெஷினிலேயே கிடைத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஓடையோரம்
டாஸ்க் பிரிவு எனக்குத் தெரியும். ஆனால் ப்ராஜெக்ட்டின் ரீட்மீயில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் “கிரேடில் பில்டு கொடுக்கவும்” என்றுதான். புதிதாகச் சேர்கிறவர் அதைத்தான் செய்வார்.

இன்னொரு ஜாவா பில்டு கருவியான மேவனில் நிலைமை இன்னும் மோசம். செக்ஸ்டைல் ப்ளகினின் ‘செக்’ இயல்பாக ‘வெரிஃபை’ கட்டத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ் எல்லாம் முடிந்த பிறகு. அதை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் பலர் அதை இழுத்து ‘வேலிடேட்’ கட்டத்தில், எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கிறார்கள். இந்த டைப் பொருந்தவில்லை என்று கம்பைலர் சொல்வதற்கு முன்பே லின்டர் வந்து வரி நீளத்தைப் பற்றிப் பேசும். நிரல் கம்பைல் ஆகுமா என்றே தெரியாத நேரத்தில் வரி நீளம் யாருக்கு வேண்டும்?

கட்டுக்கோப்பு
‘வேலிடேட்’டில் வைப்பது தவறான கான்ஃபிக். அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ரீட்மீயைத் திருத்துங்கள், கட்டத்தை மாற்றுங்கள். லின்டரை வெளியே எடுக்க அது காரணம் ஆகாது.

வேர்முனை, அந்த ‘இக்னோர்ஃபெயிலியர்ஸ்’ யோசனைக்கு வருகிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள். கிரேடில் ஒரு டாஸ்க் வெற்றியாக முடிந்தால், அதன் உள்ளீடுகள் மாறாதவரை மறுபடி ஓட்டாது, ‘அப்-டு-டேட்’ என்று தாண்டிப் போய்விடும். இக்னோர் போட்டுவிட்டால் தப்புகள் இருந்தாலும் டாஸ்க் வெற்றிதான். முதல் தடவை பட்டியல் திரையில் ஓடும். அடுத்த தடவை ஒன்றும் வராது. தப்பு அப்படியே இருக்கும், திரை மட்டும் சுத்தமாக இருக்கும். கம்பைலர் வார்னிங்கிலும் இதே கதைதான். மாறாத ஃபைலை மறுபடி கம்பைல் செய்வதில்லை என்பதால் அதன் வார்னிங்கும் மறுபடி வராது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு விதி முக்கியம் என்றால் அது எரராக இருக்கட்டும். முக்கியமில்லை என்றால் கான்ஃபிக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வேர்முனை
இப்போது செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் நடக்கிறது. முதல் முறை நீண்ட பட்டியல், இரண்டாவது முறை ஒரு வரிகூட இல்லை. ரிப்போர்ட் ஃபைல் மட்டும் பில்டு ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

நள்ளிரவு கம்பைலர்
சி++ பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இந்த விவாதம் எங்களுக்கு வேறு மாதிரி வலிக்கும்.

சிமேக் என்ற பில்டு கருவியில் 3.6-ம் பதிப்பிலிருந்து, கிளாங்-டைடி என்ற லின்டரை பில்டுக்குள்ளேயே செருக ஒரு வேரியபிள் இருக்கிறது. அதை வைத்தால் ஒவ்வொரு ஃபைலையும் கம்பைல் செய்யும்போது கூடவே கிளாங்-டைடியும் ஓடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கிளாங்-டைடி ஃபைலை மறுபடி முழுக்கப் பார்ஸ் செய்கிறது, ஹெடர்கள் உட்பட. அதனால் பில்டு நன்றாகவே இழுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிளாங்-டைடியின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு விதியை மாற்றினால் கம்பைல் வேலைகளை ஓட்டும் நின்ஜாவுக்கு அது தெரியாது. சார்புப் பட்டியலில் அந்த ஃபைல் இல்லை. ஆகவே தொட்ட ஃபைல்கள் புது விதிப்படியும், தொடாதவை பழைய விதிப்படியும் சோதிக்கப்பட்டு நிற்கும். என் மெஷினில் பச்சை, சுத்தமாக பில்டு செய்யும் சிஐயில் சிவப்பு. காரணம் தேடி அலைய வேண்டியதுதான். கிரேடிலின் செக்ஸ்டைல் டாஸ்க்கில் கான்ஃபிக் ஃபைலும் உள்ளீடாகக் கணக்கில் வருவதால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நாங்கள் அதைப் பிரித்துவிட்டோம். சிமேக்கிடம் கம்பைல் கட்டளைகளை ஒரு ஜேசன் ஃபைலாக எழுதச் சொல்லி, கிளாங்-டைடியைத் தனி டார்கெட்டாக ஓட்டுகிறோம். பில்டுக்குள் நிற்பது சில கம்பைலர் வார்னிங்குகள் மட்டும். அவை எரர்.

எந்த வார்னிங் பில்டை நிறுத்தத் தகுதியானது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய ‘கோட்டு ஃபெயில்’ பக். வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் ஒரே ‘கோட்டு’ கட்டளை வரி இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது எந்த இஃப்புக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சோதனைக்கு நிரல் போகவே இல்லை, எஸ்எஸ்எல் பாதுகாப்பே ஓட்டையானது. ‘எட்ட முடியாத நிரல்’ என்று எச்சரிக்கும் வசதி கிளாங் கம்பைலரில் இருந்தது, ஆனால் ‘வால்’ என்ற வழக்கமான தொகுப்பில் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. பிற்பாடு ஜிசிசி கம்பைலரின் 6-ம் பதிப்பில் ‘ஏமாற்றும் இன்டென்டேஷன்’ என்ற வார்னிங்கே வந்தது, அதை வால் தொகுப்பிலேயே வைத்தார்கள். இப்படிப்பட்ட விதிக்காக பில்டு நிற்கட்டும். ஃபைனல் போடாத பாராமீட்டருக்காக நிற்க வேண்டாம்.

ஓடையோரம்
எரர் ஆக்குவதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லா பில்டுக்கும் வார்னிங்கை எரராக்கினார். பல ஆர்க்கிடெக்சர், பல கம்பைலர் பதிப்பு என்று அங்கங்கே பில்டுகள் உடைந்தன. சில நாட்களிலேயே அந்த இயல்பைச் சோதனை பில்டுகளுக்கு மட்டும் என்று சுருக்க வேண்டியிருந்தது. கம்பைலரின் அடுத்த பதிப்பு புதிதாக ஒரு வார்னிங்கைச் சேர்த்தால் நேற்று ஓடிய நிரல் இன்று ஓடாது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ரஸ்ட்டில் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். நீங்கள் சார்ந்திருக்கும் வெளி கிரேட்டுகளின் (ரஸ்ட் நூலகங்கள்) லின்ட்டுகளை, ரஸ்ட்டின் பில்டு கருவியான கார்கோ தானே அடக்கிவிடும். அடுத்தவர் எழுதிய நிரலில் உள்ள வார்னிங் உங்கள் பில்டை உடைக்காது.

கட்டுக்கோப்பு
அந்தக் கெர்னல் நிகழ்வை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். சுருக்கினார்கள், நீக்கவில்லை. சோதனை பில்டில் அது இன்னும் எரர்தான். நிரலை எழுதுகிறவருக்குக் கண்டிப்பு, அதை எடுத்து பில்டு செய்து பயன்படுத்துகிறவருக்குத் தளர்வு. நாம் இங்கே பேசுவது எழுதுகிறவரின் பில்டைப் பற்றி.

பதிப்பு மாறுவதால் வரும் உடைவுக்கு மருந்து, பதிப்பைக் கட்டிப்போடுவது. வேர்முனை, உங்கள் பில்டு ஃபைலில் செக்ஸ்டைலுக்கு ‘டூல்வெர்ஷன்’ எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கிரேடில் தனக்கென்று வைத்திருக்கும் இயல்புப் பதிப்பை எடுத்துக்கொள்ளும். கிரேடிலை உயர்த்தும் அன்று செக்ஸ்டைலும் சொல்லாமல் உயர்ந்துவிடும். இது சின்ன விஷயமில்லை. செக்ஸ்டைல் 8.24-ல் வரி நீள விதியை ‘ட்ரீவாக்கர்’ பகுதியிலிருந்து எடுத்து நேரடியாக ‘செக்கர்’ கீழ் வைத்தார்கள். பழைய எக்ஸ்எம்எல்லை அப்படியே விட்டவர்களுக்கு விதிமீறல்கூடக் காட்டவில்லை, கான்ஃபிக்கையே படிக்க முடியவில்லை என்று கருவி நின்றது. டூல்வெர்ஷன் ஒரு வரிதான். அந்த வரியை மாற்றும் கமிட்டிலேயே எக்ஸ்எம்எல் மாற்றமும் சேர்ந்து வரட்டும்.

பழைய ரெப்போ
எல்லோரும் புது நிரலைப் பற்றிப் பேசுகிறீர்கள். வேர்முனை ‘பல வருடப் பழைய நிரல்’ என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் மையமாகத் தெரிகிறது.

முதலில், அந்த விதிகள் எங்கிருந்து வந்தன? 80 எழுத்து, ஃபைனல் பாராமீட்டர், நேரடி எண்ணுக்குத் தடை எல்லாம் சேர்ந்து வருகிறது என்றால் அது செக்ஸ்டைலோடு வரும் ‘சன் செக்ஸ்’ கான்ஃபிக்கின் நகல்தான். சன் நிறுவனம் கடைசியாக 1999-ல் திருத்திய ஜாவா எழுத்துமரபை அடிப்படையாக வைத்தது அது. உங்கள் டீமில் யாரும் உட்கார்ந்து இந்த விதி நமக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில்லை. தேர்ந்தெடுக்காத விதிக்காக பில்டு நின்றால் யாருக்கும் அதன்மேல் மரியாதை வராது, தாண்டிப் போகும் வழியைத்தான் தேடுவார்கள். கிரேடிலில் ‘-எக்ஸ்’ போட்டு செக்ஸ்டைல் டாஸ்க்கைத் தவிர்க்கலாம், மேவனில் ஸ்கிப் ப்ராப்பர்ட்டி இருக்கிறது, கிட் ஹூக்காக வைத்தால் ‘நோ-வெரிஃபை’ இருக்கிறது. ஒரு முறை விரல் பழகிவிட்டால் அப்புறம் நிஜமான எரரையும் அதே விரல் தாண்டிவிடும்.

இரண்டாவது, பழைய மீறல்களை ஒரே நாளில் திருத்தாதீர்கள். அவற்றைப் பதிவு செய்து ஒதுக்கி வையுங்கள், புதிதாக வருவதை மட்டும் நிறுத்துங்கள். ஆன்ட்ராய்டு லின்ட்டில் பேஸ்லைன் ஃபைல் என்று இருக்கிறது. ரூபி மொழியின் லின்டரான ரூபோகாப் தானே ஒரு ‘டூடூ’ ஃபைலை உருவாக்கித் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஈஎஸ்லின்ட்டிலும் 9.24 முதல் இப்படி மொத்தமாக ஒதுக்கும் வசதி வந்துவிட்டது. செக்ஸ்டைலில் சப்ரெஷன்ஸ் எக்ஸ்எம்எல் வைத்து, எந்த ஃபைலுக்கு எந்த விதி வேண்டாம் என்று எழுதலாம். இப்போது உங்கள் ரிப்போர்ட் எக்ஸ்எம்எல்லில் ஃபைல் பெயரும் விதிப் பெயரும் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் சப்ரெஷன் பட்டியலை உருவாக்கிவிடலாம். யாராவது ஒரு பழைய ஃபைலைப் பெரிதாகத் தொடும்போது பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கட்டும்.

கட்டுக்கோப்பு
பேஸ்லைன் போட்டால் அது அங்கேயே கிடக்கும். யாரும் குறைக்க மாட்டார்கள்.

பழைய ரெப்போ
கிடக்கட்டும். பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் இம்போர்ட் வரிசை கலைந்திருப்பதால் யாருக்கு நட்டம்? அதைத் திருத்துகிறேன் என்று நூற்றுக்கணக்கான ஃபைல்களைத் தொடுவதில்தான் ஆபத்து. திறந்திருக்கும் ப்ராஞ்சுகளெல்லாம் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டில் மாட்டும், எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் கெட்டுப்போகும். செய்தே ஆகவேண்டும் என்றால் எழுத்தமைப்பைத் தானே திருத்தும் ஃபார்மேட்டரை வைத்து ஒரே கமிட்டில் செய்யுங்கள், வேறு எந்த மாற்றமும் அதில் கலக்காதீர்கள். கிட் 2.23 முதல் பிளேமுக்கு ‘இந்தக் கமிட்டுகளைக் கண்டுகொள்ளாதே’ என்று ஒரு ஃபைல் கொடுக்க முடியும், அந்தக் கமிட்டின் ஹாஷை அதில் எழுதுங்கள்.

நள்ளிரவு கம்பைலர்
எதை எங்கே வைப்பது என்பதற்கு கூகிள் பொறியாளர்கள் 2018 ஏப்ரலில் கணினித் துறையினரின் ஏசிஎம் சங்கத்தின் மாத இதழில் எழுதிய கட்டுரை உதவும். ஃபைன்ட்பக்ஸ் என்ற பக் தேடும் கருவியின் முடிவுகளைத் தனி டேஷ்போர்டில் காட்டிப் பார்த்தார்கள், யாரும் போய்ப் பார்க்கவில்லை. கம்பைலர் வார்னிங்காகக் காட்டினால் கவனிப்பதில்லை. கடைசியில் இரண்டே இடம் என்று முடிவு செய்தார்கள். ஒன்று கம்பைல் எரர், இன்னொன்று கோட் ரிவ்யூ. எரராக வர வேண்டுமென்றால் கடும் நிபந்தனைகள்: படித்தவுடன் புரிய வேண்டும், சுலபமாகத் திருத்த முடிய வேண்டும், பொய் எச்சரிக்கை கூடாது, சரி-தவறு பற்றியதாக இருக்க வேண்டும், அழகு பற்றியதாக இருக்கக் கூடாது. இருக்கிற நிரலையெல்லாம் முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஒரு விதியை எரராகத் திறக்கிறார்கள். ரிவ்யூவில் காட்டும் சோதனைக்குக் கொஞ்சம் தளர்வு, பயனற்ற எச்சரிக்கை 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. கம்பைல் நேரத்தில் காட்டிய சிக்கல்களில் 74 சதவீதத்தை எழுதுகிறவர்கள் ‘நிஜமான பிரச்சினை’ என்று ஏற்றார்கள். ஏற்கெனவே ரெப்போவுக்குள் போய்விட்ட நிரலில் காட்டியபோது அது 21 சதவீதம்.

கட்டுக்கோப்பு
அந்த 74-க்கும் 21-க்கும் உள்ள இடைவெளியைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறோமோ அவ்வளவு மதிப்பு.

ஓடையோரம்
சீக்கிரம் காட்டுவதை நான் எதிர்க்கவில்லை. எடிட்டரில் தட்டும்போதே அடிக்கோடு போட்டுக் காட்டட்டும், அது பில்டைவிடவும் சீக்கிரம். நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறீர்கள்.

அந்தக் கட்டுரையின் நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால் செக்ஸ்டைலின் பெரும்பாலான விதிகள் எரராக வரத் தகுதி இல்லாதவை. அழகு பற்றியவை. ஜாவாவில் எரர்ப்ரோன் வேறு ஜாதி. அது ஜாவா கம்பைலருக்குள்ளேயே ப்ளகினாக உட்கார்ந்து, டைப் விவரங்களோடு பார்க்கிறது. எக்செப்ஷனை நியூ போட்டு உருவாக்கிவிட்டு த்ரோ செய்ய மறந்தது, இரண்டு அர்ரேக்களை ஈக்குவல்ஸ் வைத்து ஒப்பிட்டது, ஃபார்மேட் ஸ்ட்ரிங்கில் ஆர்க்யுமென்ட் பொருந்தாதது, இவற்றுக்கு அது இயல்பாகவே எரர் கொடுக்கும். அது பில்டை நிறுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோ மொழியிலும் 1.10 முதல் ‘கோ டெஸ்ட்’ கொடுத்தால் வெட் கருவியின் சோதனைகளில் சிலது மட்டும் தானாக ஓடும், நம்பகமானவற்றைப் பொறுக்கி எடுத்த தொகுப்பு. இந்த அளவோடு நிறுத்தினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கட்டுக்கோப்பு
செக்ஸ்டைலிலும் அந்த வகை விதிகள் இருக்கின்றன. ஈக்குவல்ஸ் எழுதிவிட்டு ஹேஷ்கோட் எழுதாதது, ஸ்ட்ரிங்கை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவது, காலி கேட்ச், ஸ்விட்சில் பிரேக் இல்லாமல் அடுத்ததற்குள் வழுக்குவது. இவற்றை வைத்துக்கொண்டு எழுத்தமைப்பு விதிகளை எடுத்துவிடலாம் என்றால் நானும் சரி என்பேன். இன்டென்டேஷனையும் இம்போர்ட் வரிசையையும் ஒரு மனிதர் கையால் திருத்துவதே வீண் உழைப்பு. அதற்கு ஸ்பாட்லெஸ் போன்ற ஃபார்மேட்டர் இருக்கிறது. அதில் ‘ராட்செட்ஃப்ரம்’ என்று மெயின் ப்ராஞ்சைக் குறிப்பிட்டால், அதிலிருந்து மாறிய ஃபைல்களை மட்டும் பார்க்கும். பழைய ரெப்போ கவலைப்பட்ட பெரிய கமிட்டும் தேவையில்லை.

ஆனால் மெர்ஜ் வாசலில் தளர்வு கூடாது. லோக்கலில் ‘-எக்ஸ்’ போட்டுத் தாண்டட்டும், அவர் மெஷின், அவர் நேரம். சிஐயில் அதே டாஸ்க், அதே கான்ஃபிக், விலக்கு இல்லை. இன்னொன்று, சிஐயில் ‘கன்டினியூ’ கொடுத்து ஓட்டுங்கள். லின்டர் விழுந்தாலும் டெஸ்ட்டுகள் ஓடி முடியும், எல்லாத் தப்பும் ஒரே தடவையில் தெரியும். ஒன்றைத் திருத்தி அனுப்பிய பிறகு அடுத்தது தெரிவதுபோல எரிச்சல் வேறில்லை.

வேர்முனை
டீமில் பேசிவிட்டேன். சன் செக்ஸை எடுத்துவிட்டோம். எரர்ப்ரோன் கம்பைலுக்குள், ஸ்பாட்லெஸ் ராட்செட்டோடு, டூல்வெர்ஷன் எழுதியாகிவிட்டது. ரீட்மீயில் தினசரி வேலைக்கு ‘டெஸ்ட்’ என்றும் அனுப்பும் முன் ‘பில்டு’ என்றும் மாற்றினோம்.

செக்ஸ்டைலுக்கு இப்போதைக்கு ‘கூகிள் செக்ஸ்’ கான்ஃபிக்கை எடுத்துப் போட்டோம், பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று. விசித்திரம் என்னவென்றால், பட்டியலில் ஏராளமான மீறல்கள் வருகின்றன, ஆனால் பில்டு பச்சையாக முடிகிறது. இக்னோர்ஃபெயிலியர்ஸ் ஃபால்ஸ்தான். என்ன விட்டுப்போனது?

கட்டுக்கோப்பு
கூகிள் செக்ஸில் எல்லா விதிக்கும் இயல்பான தீவிரம் ‘வார்னிங்’. கிரேடிலின் செக்ஸ்டைல் அமைப்பில் ‘மேக்ஸ்எரர்ஸ்’ இயல்பாக 0, ஆனால் ‘மேக்ஸ்வார்னிங்ஸ்’ இயல்பாக ஜாவா இன்ட்டின் உச்ச மதிப்பு. எத்தனை வார்னிங் வந்தாலும் பில்டு விழாது. மேக்ஸ்வார்னிங்ஸை 0 ஆக்குங்கள், அன்றே விழும்.

ஓடையோரம்
0 ஆக்காதீர்கள், வேர்முனை. கூகிள் செக்ஸில் பெரும்பாலானவை எழுத்தமைப்பு விதிகள், அந்த வேலையை ஸ்பாட்லெஸ்ஸிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். இரண்டும் ஒரே வரியைப் பற்றி வேறு வேறு முடிவு சொன்னால் ஒருவர் திருத்தியதை மற்றவர் தப்பு என்பார். அந்த ஃபைலை எடுத்துவிட்டு, கட்டுக்கோப்பு மேலே சொன்ன நான்கு விதிகளை மட்டும் வைத்து சொந்தமாக ஒரு எக்ஸ்எம்எல் எழுதுங்கள். செக்ஸ்டைலில் விதியின் இயல்புத் தீவிரமே எரர்தான், அதனால் மேக்ஸ்வார்னிங்ஸைத் தொடவே வேண்டாம்.

கட்டுக்கோப்பு
நான்கு போதாது, பத்தாவது வரும். ஆனால் சொந்த எக்ஸ்எம்எல் என்பது சரி. ரூட் ப்ராஜெக்ட்டின் ‘கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள் ‘செக்ஸ்டைல்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போடுங்கள். எல்லா மாட்யூலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். மாட்யூலுக்கு ஒரு நகல் என்று வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போய்விடும்.